பங்குனி, சித்திரை நடையில் எதிர்ப்பட்டவை: இன்னும் மனதில் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
போன பங்குனி, மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடி. நான், மனைவி, பெண், கூட அப்பா. சமணர் மலையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாமரைக் குளத்தைச் சுற்றிவிட்டு அய்யனார் கோயில் பக்கம் திரும்பும்போது அந்தச் சத்தம், டொக், டொக், டொக். அப்பா லேத்துப் பட்டறையில் 40 வருஷம் உழைத்தவர். "எங்கயோ தகடு தட்டுறாங்க"ன்னார். நான் பட்டுப்போன முருங்கைக் கிளையைக் காட்டினேன். உச்சியில் ஒரு செம்மார்புக் குக்குறுவான், அலகை மூடியபடியே தொண்டையை உப்பி உப்பிக் கூப்பிடுகிறது. கிளையின் அடிப்பக்கம் அதன் ஜோடி பொந்து குடைகிறது. தலை உள்ளே போகும், பின்னோக்கி வரும், வாய் நிறைய மரத்தூள், ஓர் உதறு. தூள் நேராக அப்பா சட்டைப்பையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"இத்தன வருசமா இது இங்கதான் இருந்துச்சாப்பா? நான் பட்டறைச் சத்தம்னுல்ல நெனச்சேன்."

நெற்றியில் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், உடம்பு இலைப் பச்சை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நின்றார். நான் "வெயில் ஏறுது, வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். காரில் ஏறும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம் நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒரு வருஷமாக இதுதான் உறுத்துகிறது.

மாங்கனி நகர்:
எனக்கு ஏர்க்காடு. கல்லூரித் தோழிகள் மூன்று பேர், ஏப்ரல் முதல் வாரம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வண்டியை ஏரிப் பக்கம் விட்டுவிட்டு எஸ்டேட் சாலையில் நடந்தோம். பூமழை, அதாவது காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் கோடை மழை, பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது, அதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒருத்தி திடீரென்று நின்று, "மல்லிப்பூ யாருடி வச்சிருக்கா?" என்றாள். எங்களில் யாருமே பூ வைத்திருக்கவில்லை.

கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு வாசனையே தெரியாது. இரண்டு வருஷம். குழம்பு தீய்ந்தால்கூட மகன் வந்து சொல்ல வேண்டும். அவளுக்குத்தான் முதலில் மணந்தது.

அடுத்த வளைவு திரும்பினால் சரிவு முழுக்க வெள்ளை. காப்பிச் செடி பூப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. கிளையில் கணுவுக்குக் கணு கொத்தாக அப்பிக்கொண்டிருக்கிறது, நடுவில் இலை மட்டும் நீட்டிக்கொண்டு. தோட்டமே தேனீயால் ரீங்கரிக்கிறது. அவள் ஒரு கொத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. களையெடுத்த அம்மா ஒருத்தர், "ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா எல்லாம் கொட்டிப்போயிருக்கும், கண்ணு" என்றார். அந்த 'ரெண்டு நாள்' நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அடையாறு அம்மு:
பிரம்மஞான சபைத் தோட்டம். 1989 புயலில் ஆலமரத்தின் தாய்மரம் விழுவதற்கு முன்னால் பாட்டி அதைப் பார்த்தவர். விழுதுகளுக்கு நடுவே நின்று "இங்கேதான் இருந்தது" என்று கையால் அளந்து காட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குயில் கூஊ, கூஊ என்று பாட ஆரம்பித்தது. பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு அது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்தக் கதையைத் தொடரவே இல்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

காவிரிக் கரையான்:
அம்மு, பாட்டியை நினைத்து வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கேட்டது ஆண் குயில். 'கூஊ' என்று ஏற்றி ஏற்றிக் கூவுவது ஆண்தான், கன்னங்கரேல் என்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெண் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்பு நிறம், அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்று அவசரமானது. கதையிலும் பாட்டிலும் குயிலைப் பெண்ணாக்கியே வளர்த்துவிட்டோம், அதனால் பெண் குயிலைக் கண்ணெதிரே பார்த்தாலும் ஏதோ வேறு பறவை என்று நினைக்கிறோம். சித்திரையில் காக்கை கூடு கட்டும் மரத்தடியில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஆண் கத்திக்கொண்டே பறக்கும், காக்கை துரத்திக்கொண்டு போகும், அந்த நேரத்தில் பெண் சத்தமில்லாமல் கூட்டுக்குள் போய் முட்டையிட்டுவிடும்.

என் கதை சின்னது. திருவையாறு படித்துறை, தங்கையோடு காலை நடை. புங்க மரத்தடியில் பொரி கொட்டினதுபோல் பூ. தங்கை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஏன் என்றேன், "மிதிக்க மனசு வரல" என்றாள். நான் அதுவரை மிதித்துக்கொண்டுதான் நின்றேன்.

நொய்யல் வாசி:
குயில் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அம்மு கேட்டது எந்தக் குயிலோ, பாட்டி கேட்டு நின்றார், அதுதானே விஷயம்?

என்னுடையது பட்டாம்பூச்சிக் கதை. மருதமலை அடிவாரத்தில், மகனுக்கு ஆறு வயது. காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடியை ஆட்டி, காய் குலுங்கும் சத்தத்தைக் கேட்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். செடி முழுக்க நீல வரியன்கள், இடையிடையே வெண்புள்ளிக் கருப்பன்கள். பூவே இல்லாத செடி! காய்ந்த தண்டைக் காலால் சுரண்டிச் சுரண்டி உறிஞ்சுகின்றன. பிறகுதான் படித்தேன், ஆண் பூச்சிகள் இணையைக் கவரும் மணத்துக்கு வேண்டிய சத்தை இந்தச் செடியிலிருந்து எடுக்கின்றனவாம். மழைக்கு முன் இவை மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே போகின்றன, மழை முடிந்ததும் திரும்புகின்றன. ஒன்று வந்து மகன் வியர்வைக் கழுத்தில் உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் என்னைக் கூப்பிட்டான்.

முல்லையாறு:
வைகைக்கரை தம்பி, அப்பாவை மறுபடி கூட்டிப் போங்கள். ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும், எட்டரைக்குத் திரும்பிவிடுங்கள், பங்குனி வெயில் பெரியவர்களுக்கு ஆகாது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில், மடக்கு நாற்காலி ஒன்று. பைனாகுலர் வாங்குவதானால் 8க்கு 42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்குவது) வாங்குங்கள், அதற்கு மேல் பெரிதாக்கினால் வயதான கை நடுக்கத்தில் படம் ஆடும். முருங்கை, வாதமடக்கி மாதிரி மென்மரத்தில் பட்ட கிளையைத் தேடுங்கள். பொந்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள், தள்ளி நின்றால்தான் அது பயமில்லாமல் வந்துபோகும். வீட்டு மரத்தில் பட்ட கிளை இருந்தால், தலைமேல் விழாத இடமென்றால் வெட்டாமல் விடுங்கள்.

பொதுவாக எல்லோருக்கும் ஒன்று. இதே மாதங்கள்தான் மலையில் தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் போய்விட்டார்கள். அந்த ஊர்ப் பக்கத்துக்காரன் நான், அன்று சாயங்காலம் மலையில் தெரிந்த புகையைப் பார்த்தேன், அதற்கு மேல் எழுத வரவில்லை. அனுமதி இல்லாத பாதையில் நண்பர்கள் கூப்பிட்டாலும் போகாதீர்கள். புல் காய்ந்திருந்தால் சமதளத்திலேயே நடங்கள். ஊருக்குள் வேம்பும் கொன்றையும் பூத்துத்தானே கிடக்கிறது?

வைகைக்கரை:
முல்லையாறு அண்ணா, நன்றி. அப்பாவுக்கு முழங்கால் ரொம்ப மோசமாகிவிட்டது, இப்போது வாசல் தாண்டுவதில்லை. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பெண் குயில் பாடாது என்பதை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார். மாங்கனி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தக் காப்பித் தோட்டத்தில் இருந்தது மலைத்தேனீயா, அடுக்குத் தேனீயா?

மாங்கனி நகர்:
அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி, சின்னதுதான், அடுக்குத் தேனீ. பின்னங்காலில் மாவு உருட்டி ஒட்டினதுபோல் மகரந்தம் இருந்தது. அவள் கையிலும் ஒன்று உட்கார்ந்தது, கொட்டவில்லை.