பீகார் நடவு ஆளுக்கு டயாலிசிஸ்: ஆயுஷ்மான் கார்டுக்கு உதவி தேவை

மன்னார்குடி பக்கம் குறுவை நடவுக்கு வந்த பீகார்க்காரருக்கு எலிக்காய்ச்சல் முற்றி சிறுநீரகம் நின்றுவிட்டது. ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை) இருந்தால் அந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இங்கேயும் செல்லும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் கார்டு எடுக்க ஆதார் சரிபார்க்க வேண்டுமே! நாற்றுப் பறித்துப் பறித்து விரல்ரேகை தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, மெஷின் எடுக்கவில்லை. ஓடிபியோ ஊரில் மனைவி போனுக்குப் போகிறது. அவர் படித்துச் சொல்வதற்குள் காலாவதி.

முகம் காட்டிச் சரிபார்க்கலாம். நல்ல கேமரா போனோடு, போஜ்புரியோ இந்தியோ பேசுகிற ஒருவர் நாளைக் காலை வர முடியுமா? ஊரிலிருந்து ரேஷன் கார்டு போட்டோவும் கேட்டு வாங்க வேண்டும்.

மேஸ்திரிகளுக்கு ஒரு வார்த்தை: காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; பாராசிட்டமால் கொடுத்து வயலில் இறக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.