கிராம சபையில் கடற்கரையைப் பற்றிப் பேசப் போனவர்கள் இங்கே சொல்லுங்கள்

கடைசி வார்டு:
முதலில் என் கதை. எங்கள் மீனவக் குப்பம், ஊராட்சியின் கடைசி வார்டு. தாய்க் கிராமம் மூன்று கிலோமீட்டர் உள்ளே, வயலும் குளமுமாக இருக்கிறது. ஊராட்சி ஆபீஸ், ரேஷன் கடை எல்லாம் அங்கேதான். எங்கள் சண்டை சச்சரவை ஊர்த் தலைவரான நாட்டாரும் மீனவர்களே நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்தும் தீர்த்துவிடுவதால் கிராம சபைக்கு எங்கள் ஆட்கள் போவதே அபூர்வம். காலை 11 மணிக்குக் கூட்டம் என்பார்கள். அது படகு கரையேறி ஏலம் போகும் நேரம். யார் போவது?

2023ல் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் (கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வகுக்கும் திட்டம்) வரைவு வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் பதறினோம். ஊரின் பெயர் இருந்தது. கருவாடு காயும் திடல், வலை பின்னும் இடம், படகு ஏற்றும் கரை எதுவும் இல்லை, வெறும் மணல். மீனவர்களின் பொது இடங்களைக் குறிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதே அறிவிக்கைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப் பகுதியில், திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும், கட்டடம் கூடாது என்ற எல்லை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் என்பது 50 மீட்டராகக் குறைந்துவிடும். எங்கள் திடல் 50 மீட்டரைத் தாண்டித்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது வந்து வேலி போட்டால் எதைக் காட்டித் தடுப்பது?

சரி, கிராம சபைத் தீர்மானம் போடுவோம் என்று அக்டோபர் 2ஆம் தேதி நாற்பது பேர் போனோம். செயலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த சர்வே நம்பர்?" என்றார். நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "மாரியம்மன் கோயிலுக்குக் கிழக்கே" என்றார் எங்கள் பெரியப்பா. அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான்கு வாரத்தில் மேலே இருந்து, இடத்தின் விவரம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் சர்வே எண்கள் போட்ட நில வரைபடமான புலப்படத்தை வாங்கி, வயசானவர்கள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு கரை முழுக்க நடந்தோம். அந்த நடை எனக்கு மறக்காது. படத்தில் இருக்கும் மூன்று எண்கள் இப்போது கடலுக்குள் இருக்கின்றன. பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "எங்கப்பா வலை காயப்போட்டது இங்கதான்" என்று கையைக் காட்டினார். இன்னொரு பெரியவர், "இல்லை, இன்னும் நாலு பாகம் (கை விரித்த நீளம்) தள்ளி" என்று சண்டைக்குப் போய்விட்டார். கடைசியில் பதினொரு எண்களோடு ஜனவரி 26 கூட்டத்துக்குப் போனோம். தீர்மானம் நிறைவேறியது. எல்லாமே பதிவேட்டில் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் இப்போது எண்ணோடு ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

கூடைக்காரி மகள்:
எங்கள் கதை நிதி பற்றியது. மீன் விற்கும் இடத்துக்குக் கூரை கேட்டு அம்மாவும் மற்றப் பெண்களும் மூன்று கூட்டம் போனார்கள். பணம் இல்லை, பணம் இல்லை என்றே பதில். ஒரு கிளார்க் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். மத்திய அரசிடமிருந்து ஊராட்சிக்கு வந்த 15ஆவது நிதிக்குழு (2021-26) மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் செலவழிக்கலாம், மிச்சம் 40க்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள் என்று. அடுத்த முறை கூரையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயும் மீன் கழுவிய தண்ணீர் போக வாய்க்காலும் கேட்டோம். ஒரே வருஷத்தில் வந்துவிட்டது. கூரைக்கு இன்னும் தார்ப்பாய்தான்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசும் வழக்கம் கிடையாது. அம்மா வாழ்க்கையில் முதல்முதலாக மைக் பிடித்தது கிராம சபையில்தான். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. ஏலம் கூவிய குரல் அல்லவா.

பழைய மெம்பர்:
ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது கிராம சபை செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 200. நாற்பது பேர் வந்து கூட்டத்தையே திருப்பிவிட்டதாக நினைக்கக் கூடாது. மிச்சம் 160 கையெழுத்து எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். புத்தகத்தில் ஏறியதும் வாசிக்கச் சொல்லுங்கள், கிளம்பும் முன் போனில் படம் எடுங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தலைவர் என்றால் ஓட்டுக்காகவாவது டீக்கடையில் நின்று பதில் சொல்வார்.

தென்கரை:
எங்களுக்குக் கேட்டது கிடைத்தது, அதுதான் பிரச்சினை. கடல் அரித்து முதல் வரிசை வீடுகள் போனதும் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) வேண்டும் என்று தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டோம். கல் கொட்டினார்கள். எங்கள் பக்கம் மணல் சேர்ந்தது. நம் கிழக்குக் கரையில் வருஷக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. இங்கே பிடித்து வைத்தால் வடக்கே போக மணல் இல்லை. புதுச்சேரியில் 1980களில் துறைமுகம் கட்டிய பிறகு அதற்கு வடக்கே கடற்கரை காணாமல் போனதும் இப்படித்தான்.

எங்களுக்கு வடக்கே இருப்பது அக்காவைக் கொடுத்த ஊர். வேறு ஊராட்சி. அடுத்த கிராம சபையில் எங்கள் தூண்டில் வளைவுக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். முதல் கையெழுத்து மச்சானுடையது. பொங்கலுக்குச் சீர் கொண்டு போனபோது சோறு போட்டார், பேசவில்லை. அவர்கள் ஊருக்கும் தூண்டில் வளைவு கேட்டு இப்போது நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் வடக்கே இருக்கும் ஊரை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கடைசி வார்டு:
தென்கரை அண்ணே, நாங்கள் இருப்பது உங்களுக்கு வடக்கேயா தெற்கேயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

மெம்பர் ஐயா, கசப்பெல்லாம் இல்லை. தீர்மான நகல் கைக்கு வரவே வாரக்கணக்கில் நடந்தோம். படம் எடுத்திருந்தால் அந்த நடை மிச்சம். மார்ச் 22 கூட்டத்துக்கு மறுபடி போகிறோம், இந்த முறை பெண்களையும் அழைத்துக்கொண்டு. கூடைக்காரி மகள், அந்த வாய்க்கால் கேட்ட தீர்மானத்தின் வாசகம் இருந்தால் கொஞ்சம் போடுங்கள்.