சிஎஸ்வி ஃபைலை லிப்ரே ஆபீஸிலேயே நிரந்தரமாகத் திறக்க வைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தின் உறுப்பினர் பட்டியல் சிஎஸ்வி ஃபைலாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) இருக்கிறது, பெயர்கள் எல்லாம் தமிழில். டபுள் கிளிக் செய்தால் பழைய ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் ஒன்றில் திறக்கிறது. "முருகன்" இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் வரிசையாக வருகின்றன. அப்படியே சேவ் செய்துவிட்டால் மொத்தப் பட்டியலும் பாழ், அதுதான் பயம்.

லிப்ரே ஆபீஸின் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமான கால்க்கைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஃபைலை எடுத்து, இம்போர்ட் விண்டோவில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சுத்தமாக வருகிறது. ஆக, ஃபைலில் கோளாறு இல்லை.

லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம். பழைய புரோகிராம் போன மாதம் அப்டேட் ஆனதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

ரைட் கிளிக், ஓப்பன் வித், கால்க், "ஆல்வேஸ்" கொடுத்தேன். செட்டிங்ஸில் ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போய் சிஎஸ்வி என்று தேடியும் மாற்றினேன். இரண்டுமே ரீஸ்டார்ட் வரைக்கும்தான் நிற்கின்றன. லிப்ரே ஆபீஸை ரிப்பேர் செய்தும் பலனில்லை. பழைய கணக்குகளின் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) அந்தப் பழைய புரோகிராமில்தான் ஓடுவதால் அதை நீக்க முடியாது.

அதை நீக்காமலே, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் சிஎஸ்வி கால்க்கிலேயே திறக்க என்ன செய்ய வேண்டும்?