தாடை மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க, முதல்ல என் கதை

மண்டபத்திலிருந்து (ராமேஸ்வரம் பக்கம்):

நாலு வருஷமா வலது பக்கத் தாடை என்னைப் படுத்தி எடுத்துச்சு. வலை கட்டுறதும் கிழிசல் பார்க்கிறதும் எங்க குடும்பத் தொழில். தங்கூசியை, அதான் வலை பின்னுற நைலான் இழையை, கத்தி வச்சு அறுக்கணும்னு அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது பல்லுதான் முந்திக்கும். அதுவும் ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டா ஜூன் 14 வரைக்கும் கரையில உக்காந்து முழு நேரமும் வலை வேலைதான். 61 நாளும் கடிச்சுக் கடிச்சுத்தான் அறுத்திருக்கேன்.

முதல்ல கொட்டாவி விட்டா காதோரத்துல 'டொக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில சத்தமே இல்லை, வாயும் திறக்கலை. ஒன்றரை விரல் அளவுக்கு மேல போகவே மாட்டேங்குது. காது வலின்னு நினைச்சு காது டாக்டர்கிட்டப் போனேன், காது சுத்தமா இருக்குன்னார். அப்புறம் ஒரு இடத்துல கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டாங்க. நல்ல பல்லு. வலி போகலை. அந்தப் பல்லை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறலை.

மதுரையில முகத்தாடை அறுவை மருத்துவர் ஒருத்தர்தான் காதுக்கு முன்னாடி விரலை வச்சு, "திறங்க, மூடுங்க, பக்கவாட்டுல நகட்டுங்க"ன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தப்புறம் விளங்குச்சு. அந்த மூட்டுக்குள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. அது முன்னாடி நழுவிடுச்சு. திரும்ப எலும்பு மேல வந்து உக்காரும்போதுதான் அந்த 'டொக்'. உக்காராமலே நின்னுட்டா வாய் பூட்டிக்கும்.

எடுத்தவுடனே ஊசி போடலை. மூணு மாசம் மெத்துனு சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், ராத்திரி பல்லுல மாட்டிக்கிற நைட் கார்டு. அதுல பாதிதான் குறைஞ்சுது. அதுக்கப்புறம்தான் டெக்ஸ்ட்ரோஸ் ஊசி, மாசம் ஒண்ணுன்னு மூணு. கெட்டியான சர்க்கரைத் தண்ணிதான். மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வையும் நாரையும் லேசா உறுத்தி, உடம்பே அந்த இடத்தை ஆத்திக்க வைக்கிறதுதான் கணக்குன்னார். நேத்து வந்த வைத்தியம் இல்லை. 1937லயே சிகாகோவுல லூயிஸ் ஷுல்ட்ஸ்ங்கிற மருத்துவர், நழுவுற தாடைக்கு இப்படி உறுத்துற ஊசி போட்டுப் பார்த்து எழுதியிருக்கார். அவர் போட்டது சர்க்கரை இல்லை, வேற மருந்து.

ஊசி குத்தும்போது வலிச்சுது. அதைவிடப் பயந்தது வேற ஒண்ணுக்கு. மரமரப்பு மருந்து பக்கத்து நரம்புல இறங்கி, ரெண்டு மணி நேரம் வலது கண்ணை மூடவே முடியலை. வீட்டுல அவ அழுதுட்டா. இப்படி ஆகலாம், தானா சரியாகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால நான் தாங்கிக்கிட்டேன். ஊசிக்கு அப்புறம் டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை கூடாதுன்னார். புண்ணை ஆத்துறதுக்காக வர்ற அழற்சியையே அது அமுக்கிடுமாம். பாரசிட்டமால் மட்டும்தான். தை மாசம் பனங்கிழங்கு குவிஞ்சு கிடந்துச்சு, ஒரு துண்டு தொடலை.

இப்ப மூணு விரல் வாய்க்குள்ள போகுது. சத்தம் இன்னும் இருக்கு, ஆனா வலி இல்லை. தங்கூசிக்குக் கத்தரிக்கோலைக் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் கேட்டது எனக்குக் கேட்கலை. நான் போட்டுக்கிட்டது பி.ஆர்.பி. கையில ரத்தம் எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு திரண்டிருக்கிற மஞ்சள் நீரை மட்டும் பிரிச்சு மூட்டுக்குள்ள ஏத்துறது. நம்ம ரத்தம்தானே, ஒவ்வாமை வராதுன்னு சொன்னாங்க, வரலை. காசும் கொஞ்சமில்லை. ஒரு வாரம் வீக்கம், அப்புறம் பழையபடி அதே வலி.

ரெண்டாவதா பார்த்த டாக்டரம்மா கன்னத்தை அமுக்கினாங்க, உயிரே போச்சு. எனக்கு வலி மூட்டுல இல்லை, மெல்லுற தசையில. வீட்டுக்காரர் துபாய்ல, ரெண்டு பிள்ளையும் மாமியும் என் பொறுப்பு, ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிச்சிருக்கேன், எனக்கே தெரியலை. மூட்டுல ஊசி போட்டா தசை எப்படி ஆறும்? இதை முதல் ஆளே பார்த்துச் சொல்லியிருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆத்திரம். இப்ப "உதடு சேரட்டும், பல்லு சேர வேண்டாம்"னு அடுப்படியில எழுதி ஒட்டி வச்சிருக்கேன். நாக்கு நுனியை மேலண்ணத்துல வச்சுக்கிட்டே வாயை மெல்லத் திறக்குற பயிற்சி, நாளைக்கு ஆறு தடவை. ஆறு மாசத்துல முக்கால்வாசி போயிடுச்சு. பெருநாளைக்கு ஜவ்வா இழுக்குற தொதல் அல்வாவை ஒதுக்கிட்டு வட்டலாப்பம் மட்டும் சாப்பிட்டேன், அது தொண்டையில தானா இறங்கிடும்.

தொண்டியிலிருந்து:

எங்க அத்தா முன்னாடி சங்கு குளிச்சவர். காத்துக் குழாயை மணிக்கணக்கா பல்லுல கவ்விக்கிட்டே முங்குவார். அறுபதைத் தாண்டிட்டார், தாடை ரெண்டு பக்கமும் மணல் அரைக்கிற மாதிரி நறநறங்குது. ஊசி போடலாமா அண்ணே?

மண்டபத்திலிருந்து:

நான் டாக்டர் இல்லை தம்பி, எனக்குச் சொன்னதைச் சொல்றேன். நறநறன்னு கேட்டா எலும்பே தேய்ஞ்சிருக்கலாம், அது என் நோவு மாதிரி இல்லை. சில பேருக்கு ரெண்டு ஊசி குத்தி உப்புத் தண்ணி விட்டு மூட்டைக் கழுவுறாங்க, என் பக்கத்து வரிசையில இருந்த அக்காவுக்கு அப்படித்தான் செஞ்சாங்க. மூட்டு வாதம் இருக்கான்னு ரத்தமும் பார்க்கணும், கை விரல் காலையில விறைக்குதான்னு கேளுங்க. வலி மூட்டுலயா தசையிலயான்னு தொட்டுப் பார்க்காம ஊசின்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. பல்லைப் பிடுங்கணும்னு சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்ட காட்டாம சம்மதிக்காதீங்க. பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் பையில போட்டுக்கோங்க, அத்தா சாப்பிட ஒரு தூக்குல கஞ்சியும் எடுத்துக்கோங்க. மதுரையில உக்காந்தா சாயங்காலம் ஆயிடும்.