வீடு பார்த்தபோது வெயிலைப் பார்த்தீர்களா? (அனுபவப் பகிர்வு)

ஆறு தொட்டி மல்லி

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி. மூன்று வருடத்துக்கு முன் மே மாதத்தில் பார்த்த வீடு, மறுவிற்பனை. விலை, பத்திரம், தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். என் மனதை இன்றுவரை அரிப்பது பால்கனித் தரை.

காலை ஏழரை மணிக்குப் போனோம். வடக்குப் பார்த்த பால்கனி, பன்னிரண்டு அடி நீளம். வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக நுழைந்து மேற்குக் கோடியில் விழுந்திருந்தது. என் மனைவி அதில் கையை நீட்டிப் பார்த்து, "மல்லிக்கு இது போதும்" என்றாள். தரையில் தொட்டி வைத்த வட்டத் தடங்கள் இருந்தன. செம்மண் நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்பதோ பத்தோ. அத்தனையும் அந்த மேற்கு மூலையில். மீதிப் பத்தடித் தரை நேற்றுப் பதித்த டைல்ஸ் போலப் பளபளத்தது. செடி வளர்த்த வீடு என்று சந்தோஷப்பட்டேன். இவ்வளவு நீளப் பால்கனியில் எல்லாத் தொட்டியையும் ஏன் ஒரே மூலையில் நெருக்கினார்கள் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

ஆவணியில் குடிவந்தோம். ஆறு தொட்டி மல்லி வைத்தோம். புரட்டாசி பிறந்தபோது அந்த மூலை வெயில் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. பிறகு விரலளவு. பிறகு ஒரு நாள் இல்லை. தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்பிவிடும் என்று மனைவி நாளெண்ணினாள். தையும் வந்தது, மாசியும் வந்தது, வெயில் வரவில்லை. மல்லி கொடி கொடியாக நீண்டு இலை மட்டும் விட்டது. செம்பருத்தியை மாவுப்பூச்சி தின்றது.

இப்போது என் தொட்டிகளும் அதே மூலையில்தான், ஏறக்குறைய அதே வட்டங்களின்மேல் உட்கார்ந்திருக்கின்றன.

இப்படி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

குரோம்பேட்டை எலுமிச்சை

எங்களுடையது தனி வீடு. பின்கட்டு தெற்கே. அதற்கும் தெற்கே காலி மனை. "காற்று பிய்த்துக்கொண்டு வரும் அம்மா" என்றார் தரகர். வந்தது, எட்டு வருடம்.

என் மாமனாருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. மார்கழி, தை மாதங்களில் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு வெயில் காய்வார். அந்தக் காலி மனையில் கட்டடம் எழும்பத் தொடங்கியது. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி. முதல் மாடி எழுந்தபோது நாற்காலி எலுமிச்சை மரத்தைத் தாண்டி வடக்கே வந்தது. இரண்டாவது மாடிக்குத் துவைக்கும் கல்லுக்கு இந்தப் பக்கம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து, நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி உட்காருவார். மூன்றாவது மாடித் தளம் போட்டது மார்கழிக் கடைசியில். மறுநாள் மதியம் நான் சமையலறையில் இருந்தேன். சுவரில் 'டொக்' என்று ஒரு சத்தம். நாற்காலியின் முதுகு. அதற்குப் பின்னால் இடமில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் உள்ளேயே உட்கார்ந்து படித்தார். எலுமிச்சை இன்னும் இருக்கிறது. காய்ப்பதில்லை, வெயிலைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

வெயில்தாங்கி

வெயில் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஊர் வேலூர். மேற்குப் பார்த்த பால்கனி. மலை தெரிகிறது என்று மயங்கி வாங்கினேன், மாலை நேரத்தில் பார்த்ததன் வினை.

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். வெண்டை நாற்று பத்து நாள் வயது, பை பையாக வரிசையாக நின்றது. நாலு மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் துவண்டிருந்தன. பதறிப்போய்க் குழாயைத் திறந்து ஹோஸைத் திருப்பினேன். கறுப்பு ஹோஸ், பகலெல்லாம் தரையில் கிடந்தது. என் கையில் படவில்லை, அதனால் தெரியவில்லை. முதலில் வந்தது வாசனைதான். அடுப்பில் கீரை வேகும்போது வருமே, அதே வாசனை. பன்னிரண்டு பையையும் நானே வேகவைத்துவிட்டேன்.

மல்லிக்காரரே, நிழல் இருந்தால் செடி பூக்காது, அவ்வளவுதானே? இங்கே மே மாதம் இரவு பத்து மணிக்கும் பால்கனிச் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் கட்டில். உங்கள் வடக்குப் பால்கனியை எனக்குக் கொடுங்கள், மலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாரோ கறிவேப்பிலை

லண்டனில் வீடு விளம்பரங்களில் 'சவுத் ஃபேசிங்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது பின்தோட்டத்தின் திசை. நம் ஊரில் திசை என்றால் வாசல், இங்கே திசை என்றால் தோட்டம். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நான் பட்டது.

பதினோரு வருடத்துக்கு முன் இரண்டு வீடு பிடித்திருந்தது. ஒரே தெரு, எதிரெதிர் வரிசை. அம்மாவிடம் தொலைபேசியில், "ஒன்று தெற்குப் பார்த்தது, ஒன்று வடக்குப் பார்த்தது" என்று விளம்பரத்தில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "தெற்கு வேண்டாம் கண்ணா, வடக்கு குபேர திசை" என்றார். வடக்கை வாங்கினேன். பார்த்தது ஜூலையில். தோட்டம் முழுக்க வெயில், பக்கத்து வீட்டுக்காரர் சட்டையில்லாமல் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் முதல் உறைபனி. காலையில் தோட்டம் முழுக்க வெள்ளை. மதியம் பார்த்தேன், எங்கள் வீட்டு நிழல் விழுந்த இடமெல்லாம் இன்னும் வெள்ளை. கடைசி நான்கு அடி மட்டும் பச்சை. நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு, அதுவும் எங்கள் கூரையின் வடிவத்தில், புகைக்கூண்டு உட்பட. மூன்று நாள் அந்தப் பனி உருகவில்லை. காலைத் தேநீரோடு ஜன்னலில் நின்று என் வீட்டின் நிழற்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மே மாதம் அம்மா வந்தார். டாக்சியிலிருந்து இறங்கி, பெட்டியைக்கூட எடுக்காமல், வாசலில் நின்று சூரியனைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். தோட்டம் வடக்கே என்றால் வாசல் எங்கே இருக்கும்? "தெற்கு வாசலா வாங்கியிருக்கிறாய்?" என்றார். வெயிலும் போயிற்று, குபேரனும் போனார். எதிர்வரிசைக்காரருக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது. கறிவேப்பிலைச் செடி பதினோரு வருடமாகக் குளியலறை ஜன்னலில் வாழ்கிறது.

திசைகாட்டி

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. கிழக்கு என்று சொல்லி விற்ற பால்கனி தென்கிழக்காக இருந்தது, வரைபடத்தின் அம்புக்குறியை நம்பினேன். அவ்வளவுதான். ஆனால் இங்கே பலரும் அடிப்படை தெரியாமல் எழுதுவதால் சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் மல்லிக்காரர். சூரியன் வடக்கே திரும்புவது தை முதல் தேதி அல்ல, டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணத்தைத் தையில் கொண்டாடுவது பஞ்சாங்கக் கணக்கு. அதைவிட முக்கியம், திரும்புவது வேறு, வந்து சேர்வது வேறு. திரும்பிய சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வர மார்ச் 20, 21 ஆகும். செப்டம்பர் 22, 23 வாக்கில் மறுபடி தெற்கே போய்விடும். அதிலிருந்து அடுத்த மார்ச்வரை ஆறு மாதம் வடக்குச் சுவரில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. உங்கள் வீட்டில் குறையில்லை, நீங்கள் போன மாதத்தில் குறை.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் குச்சி நட்டுக் காட்டுவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே, தெற்குப் பால்கனியில் மார்கழி வெயில் தாழ்ந்து உள்ளே வரும், மே மாத உச்சிவெயிலை மேல்மாடித் தளமே தடுத்துவிடும். செடிக்கு இதைவிட நல்ல திசை இல்லை. நம் ஆட்கள் தெற்கு என்றாலே எமன் என்று ஓடுகிறார்கள். வாசலுக்குச் சொன்னதைப் பால்கனிக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, கிழக்கு வாசல் என்று கேட்டு வாங்கும் அடுக்ககங்களில் பால்கனி பெரும்பாலும் எதிர்ப்பக்கம், அதாவது மேற்கே அமைந்துவிடும். வேலூர்க்காரர் தம் வாசலைப் பார்க்கட்டும்.

குரோம்பேட்டை அம்மா, மார்கழி நண்பகலில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கட்டட உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு நிழல் விழும். நாற்பது அடிக் கட்டடம் என்றால் முப்பது அடி. வாங்கும்போதே தெற்கு மனையில் கட்டடம் வந்துவிட்டதாக நினைத்து, முப்பது அடியை நடந்து அளந்திருக்கலாம். லண்டனில் டிசம்பர் நண்பகல் சூரியன் 15 டிகிரிதான். ஆறடி வேலிக்கே இருபத்திரண்டு அடி நிழல் விழும், வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கைபேசித் திசைகாட்டியைத் தூண் பக்கத்திலும் இரும்புக் கிராதி பக்கத்திலும் பிடிக்காதீர்கள், கம்பி இழுக்கும். தெருவுக்கு வந்து பாருங்கள். அருகில் சிவன் கோயில் இருந்தால் அதுவே போதும், பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் கட்டியிருப்பார்கள். வீட்டைக் காலையில் ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை பாருங்கள். மார்கழிவரை காத்திருக்க முடியாவிட்டால் சுற்றுச்சுவரில் பாசி எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது, மற்ற வீட்டுக்காரர்கள் துணியை எங்கே காயப்போடுகிறார்கள் என்று பாருங்கள். மேற்குப் பால்கனிக்குப் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டுங்கள், ஹோஸில் முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். வடக்குப் பால்கனியில் மல்லி வைத்து அழுவதில் பயனில்லை. புதினா, வெற்றிலை, மணி பிளான்ட் வையுங்கள்.

குரோம்பேட்டை எலுமிச்சை

நடந்து அளந்திருக்கலாம்தான் ஐயா. அளந்திருந்தால் முப்பது அடி என்று தெரிந்திருக்கும். தெரிந்து, சேர்த்து வைத்த பணத்துக்கு வேறு எந்த வீடு கிடைத்திருக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது நாற்காலியைப் பற்றி.

வெயில்தாங்கி

வாசலைப் பார்த்தேன். கிழக்குதான். கேட்டுத்தான் வாங்கினேன். இதற்குமேல் எதுவும் சொல்லாதீர்கள்.

மெல்பர்ன் முருங்கை

திசைகாட்டி அண்ணா, உங்கள் தெற்குச் சூத்திரத்தை இங்கே யாரும் கொண்டுவந்துவிடாதீர்கள். நாங்கள் லண்டனில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். தெற்குத் தோட்டம்தான் வேண்டும் என்று என் கணவர் முகவரிடம் அடம்பிடித்தார். முகவர் இரண்டு முறை, "நிச்சயமாகத் தெற்கா?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம். நிலநடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் சூரியன் வடக்கே போகிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வீடு வாங்கும்போது யாருக்கு நினைவு வருகிறது? ஜூன் மாதம் முருங்கைக் கன்றைத் தொட்டியோடு தூக்கி முன்வாசலில் கார் பக்கத்தில் வைத்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கக்கூடாது. இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

ஆறு தொட்டி மல்லி

திசைகாட்டியின் பட்டியலில் வெற்றிலை என்று படித்ததும் தூக்கிவாரிப்போட்டது.

பத்திரப்பதிவு அன்று, பழைய உரிமையாளர், எழுபது வயதிருக்கும், சாவியைக் கையில் கொடுத்தார். என் மனைவி மல்லி வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மகன் பக்கத்திலேயே நின்றான். பிறகு, "வெற்றிலை நன்றாக வரும் தம்பி" என்றார். நான் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன். குனிந்து காலைத் தொட்டு வணங்கினேன்.

மனைவியிடம் இப்போதுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போகிறோம். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை.