ரியோ பிராவோவும் சிந்தாத விஸ்கியும்

பெரியப்பா (இரவு 8.12): நேற்றிரவு ரியோ பிராவோவை மறுபடியும் பார்த்தேன். ஹவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1959-இல் வெளிவந்த படம். குதிரைப் படம் என்றாலே துப்பாக்கிச் சத்தம்தான் என்பாயே கவின், இதன் முதல் சில நிமிடங்களில் ஒருவரும் வாய் திறப்பதே இல்லை. குடியால் சீரழிந்த டூட், அதாவது டீன் மார்ட்டின், ஒரு வாய் மதுவுக்கு ஏங்கி நிற்கிறான். அதைக் கண்ட ஒருவன் வெள்ளி டாலரை எச்சில் படிக்கத்துக்குள் வீசுகிறான். டூட் குனிந்து கை நீட்டும்போது, ஊர்க் காவல் தலைவரான ஷெரிப்பாக வரும் ஜான் வெய்னின் கால் அந்தப் படிக்கத்தை உதைத்துத் தள்ளுகிறது.

கவின் (8.20): போன வாரம் நானும் பார்த்தேன், பெரியப்பா. தொடக்கம் அருமைதான். ஆனால் 141 நிமிடப் படத்தில், சிறையில் அடைத்த கொலைகாரனைக் காவல் காப்பதைத் தவிர வேறென்ன நடக்கிறது? நடுவில் உட்கார்ந்து பாட்டு வேறு பாடுகிறார்கள்.

பெரியப்பா (8.31): அந்தக் காத்திருப்புதான் கதையே. வெளியே கைதியின் அண்ணன் ஏவிய கூலிப்படை. உள்ளே குடியை விடத் தவிக்கும் ஒருவனும், கால் ஊனமான கிழவர் ஸ்டம்பியும். முன்பு வந்த ஹை நூன் என்ற குதிரைப் படத்தில் காவல் அதிகாரியான மார்ஷல் ஊரெல்லாம் உதவி கேட்டு அலைந்தது ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. அதனால் இவருடைய ஷெரிப், நண்பர் தம் ஆட்களைத் தர முன்வந்தபோதும், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக் கலங்குகிறவர்களைச் சாகக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். ஆனாலும் ஒவ்வொரு நெருக்கடியிலும் யாராவது ஒருவர் கைகொடுத்துத்தான் அவர் பிழைக்கிறார்.

வாசுகி அத்தை (8.36): பூந்தொட்டியை விட்டுவிட்டீர்களே, அண்ணா! கூலியாட்கள் அவரை வளைத்து நிற்கும்போது, ஓட்டலுக்குள்ளிருந்து சன்னல் நொறுங்கப் பூந்தொட்டியை வீசுகிறவள் அங்கே தங்கியிருக்கும் ஃபெதர்ஸ் என்ற பெண் அல்லவா? துப்பாக்கிக்கு அஞ்சாத மனிதர் அவள் பேச்சுக்கு முன்னால் திணறிப்போகிறார். ஓட்டல்காரர் கார்லோஸ் தம் மனைவிக்கு வரவழைத்த சிவப்பு உள்ளாடையை அவர்மேல் வைத்துப் பார்க்கும் நேரத்தில் அவள் உள்ளே வருகிறாளே, எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் லீ பிராக்கெட் என்ற பெண்மணி.

பெரியப்பா (8.49): உண்மைதான், வாசுகி. கவின், பாட்டுக்குச் சற்று முன்னால் வரும் காட்சியை நினைத்துப் பார். இனித் தன்னால் முடியாது என்று டூட் விஸ்கியை ஊற்றிக்கொள்கிறான். அப்போது, எவரையும் உயிரோடு விடமாட்டோம் என்று பொருள்படும் தெகுவெயோ இசையைத் தெருவில் எதிரிகள் ஊதவைக்கிறார்கள். சிகரெட் சுருட்டக்கூட முடியாமல் நடுங்கிய அந்தக் கை, விஸ்கியைத் திரும்பப் புட்டிக்குள்ளேயே ஊற்றுகிறது. ஒரு துளியும் சிந்தவில்லை. அதன் பிறகுதான் அவன் பாடுகிறான்.

கவின் (8.53): பாட்டு வந்ததும் ஓட்டிவிட்டேன், பெரியப்பா. இன்றிரவு அந்த விஸ்கிக் காட்சியிலிருந்து மறுபடியும் பார்க்கிறேன்.

வாசுகி அத்தை (8.55): கடைசிவரை பார், கண்ணா. ஃபெதர்ஸ் போட்டுக் காட்டும் கவர்ச்சி உடையோடு நாலு பேர் முன்னால் போனால் கைது செய்வேன் என்கிறார் ஷெரிப். தன்மேல் அவருக்குக் காதல் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிடுகிறது.