பலாலியில் விமானம் வராத நாள்

2024 நவம்பர் 30. அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னை போகப் பலாலிக்கு, யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு, வந்திருந்தோம். அந்தக் கிழமை யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளம். ஓட்டோக்காரத் தம்பி எங்கெங்கோ சுற்றி ஒருவழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். வந்து பார்த்தால் விமானம் பிந்தும் என்கிறார்கள். பிந்தும், பிந்தும் என்றே நாலு மணித்தியாலம் போனது. ஃபெஞ்சல் புயலுக்காகச் சென்னை விமான நிலையத்தையே மத்தியானம் மூடிவிட்டார்கள். மறுநாள் அதிகாலையில்தான் திறந்தார்கள்.

கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையம் என்றால் ஆளுக்கொரு போனோடு மூலை பிடித்திருப்போம். பலாலி சின்ன இடம். வருவது ஏடிஆர் என்ற சின்ன விமானம், எழுபது சொச்சம் பேருக்குத்தான் இருக்கை. பக்கத்துக் கதிரை மாமி அம்மாவைப் பார்த்து, "நீங்கள் ஆருடைய பிள்ளை?" என்றார். அம்மாவுக்கு வயது 68! பத்து நிமிடத்தில், மாமியின் மச்சாளும் அம்மாவும் ஒரே வகுப்பு என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

எதிரே ஈரோட்டுத் தம்பி ஒருவர். புடவைக் கடைகளுக்குச் சரக்கு பேச வந்தவர். மாமி கனடா மகளுக்கென்று கட்டிய பருத்தித்துறை வடைப் பொதியைப் பிரித்து நீட்டினார்.

"இது எங்க ஊர்த் தட்டைங்க."

"தட்டை இல்லைத் தம்பி, வடை."

"வடைன்னா மெத்துன்னு இருக்கணுமேங்க?"

இந்த வழக்கு அரை மணி நேரம் ஓடியது. பொதியில் பாதி காலி.

மழை கொஞ்சம் விட்டதும் மாமி கண்ணாடிப் பக்கம் போய் நின்றார். "உந்தப் பக்கம்தான் மயிலிட்டி. எங்கட வளவு" என்றார். 1990இல் போருக்குப் பயந்து கைக்குழந்தையோடு கிளம்பியவர். 2017இல் ராணுவம் துறைமுகப் பக்கத்தை விட்டபோது போய்ப் பார்த்திருக்கிறார். கிணறு மட்டும் இருந்ததாம். ஈரோட்டுத் தம்பி அதற்குப் பிறகு வடையைப் பற்றிப் பேசவே இல்லை.

விமானம் இல்லை என்று கடைசியில் சொன்னபோது, தம்பி தங்கியிருந்த அறையை விட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். இரண்டு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போனதே அவர்தான்.

*

அக்கா, உங்கள் பலாலிக் கதை போல எனக்கும் ஒன்று இருக்கிறது. என் கதை 2010 ஏப்ரல். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வழியை மூடிய கிழமை. சூரிச் போக வேண்டிய நான் கட்டுநாயக்கவில் மாட்டிக்கொண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் மட்டக்களப்பு அண்ணை ஒருவர். எப்போது பறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. விடுதிக் காசும் தரமாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். "யாழ்ப்பாணம் பார்த்திருக்கிறீங்களோ?" என்று சும்மா கேட்டேன். ஐம்பது வயதுவரை பார்த்ததில்லையாம். சின்ன வயதில் காசில்லை, பிறகு பாதை இல்லை. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி, போர் முடிந்து அப்போதுதான் தடையில்லாமல் திறந்திருந்தது. இரவு பஸ் ஏறி, விடிய கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கேற்றைத் தட்டினோம். அம்மாவுக்கு என்னைத் திரும்பக் கண்ட சந்தோசத்தில் அவர் யார் என்று கேட்கவே ஒரு மணி நேரம் ஆனது.

நாலு நாள் நல்லூர், கீரிமலை, 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய யாழ் நூலகம் எல்லாம் சுற்றினோம். நூலக வாசலில் மட்டும் அதிக நேரம் நின்றார். இப்போதும் ஊருக்கு வந்தால் எருமைத் தயிர்ச் சட்டியோடுதான் வருவார்.

*

உங்கள் இரண்டு பேர் கதையும் சரி, நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். ஒருமுறை எட்டு மணித்தியாலத் தாமதத்தில் நல்லாகப் பழகிய ஒருவர், தேத்தண்ணியும் பணிஸும் வாங்கித் தந்தார், என் பிள்ளைகளின் பெயர்கூடப் பாடமாக்கிவிட்டார். கடைசியில், "எனக்கு நிறை கூடிப்போச்சு, இந்தப் பெட்டியை மட்டும் உங்கட பேரில் போடுங்கோவன்" என்றார். உள்ளே மிளகாய்த்தூளாம். மாட்டேன் என்றேன். உண்மையிலேயே மிளகாய்த்தூளாகக்கூட இருந்திருக்கலாம். விமானத்தில் அடுத்தடுத்த இருக்கை வேறு! மனுசன் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.